மாதிரி நீர் எடுக்குமுன் கிணற்றை ஆயத்தஞ் செய்தல்

திருகோணமலை மாவட்டக் கமக்காரருக்கான விளக்கம்

மண்ணைப் பரிசோதித்து அதற்கேற்ப எருவிடுதல் வேண்டும் என்பதை இன்று கமக்காரர் பலரும் அறிவர். ஆயின், கிணற்று நீரையும் பரிசோதித்த பின்னரே பயிரைத் தெரிவுசெய்தல் வேண்டும் என்பதில் அத்துணை கவனஞ் செலுத்தப்படுவதில்லை. நீரை நாவில் இட்டுப் பார்த்து, உப்புச் சுவை இல்லையெனின் அது நல்ல நீர் என முடிவு செய்வதே வழக்கமாக இருந்துவருகின்றது. நாவுக்கு உப்பெனத் தெரியாத நீரும் வெங்காயத்தினதும் போஞ்சியினதும் விளைச்சலைக் குறைக்கவல்லது என்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பரிசோதனைக்கு நீர் அனுப்புவோரிலும் பலர், கிணற்றில் ஒரு வாளியை விட்டு, மேலாக அள்ளிய நீரைப் போத்தலில் அடைத்து அனுப்பிவிடுகின்றனர். அத்தகைய நீரைப் பரிசோதித்துப் பெறும் முடிவு, கிணற்றில் தேங்கிநின்ற நீரின் தன்மையைக் கூறுமேயன்றி, பயிருக்கு நாள்தோறும் இறைக்கப்படும் நிலத்தடி நீரின் தன்மையைக் கூறாது. ஆய்வுகூடத்தில் எத்துணை நுட்பமான கருவி இருப்பினும், கிணற்றடியில் நேர்ந்த பிழையை அது திருத்தமாட்டாது. ஆகையால், மாதிரி எடுக்கும் பம்பியைக் கிணற்றில் இறக்குமுன் செய்யவேண்டிய ஆயத்தங்கள் இவ்வெளியீட்டில் விளக்கப்படுகின்றன.

1. எமது மாவட்டத்துக் கிணறுகள்

எல்லாக் கிணறுகளும் ஒரே தன்மையன அல்ல. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை ஆகிய கரையோரப் பகுதிகளில் மணற்பரப்பின் கீழ், அதிக ஆழமின்றி நீர் கிடைக்கின்றது. வாடைக்காற்றுப் பருவத்திற் பெய்யும் மாரி மழை மணலினூடாக இறங்கிச் சேர்ந்த நீரே இதுவாகும். மூதூர், வெருகல் பக்கங்களில் மகாவலி கங்கையும் அதன் கிளையாகிய வெருகலாறும் கொணர்ந்து படியவிட்ட வண்டல் நிலத்திற் கிணறுகள் உள்ளன. கடலிலிருந்து விலகிய உட்பகுதிகளிலோ, உக்கிய பாறையின் மேற்படையிலும் பாறைப் பிளவுகளிலும் உள்ள நீரையே கிணறுகளும் குழாய்க்கிணறுகளும் தருகின்றன. கந்தளாய்க் குளத்து நீரால் நெல் விளையும் தம்பலகாமம் பகுதியிலும், வயலுக்கு அப்பால் உள்ள மேட்டுநிலத் தோட்டங்களுக்குக் கிணறே உதவுகின்றது.

அயலான் கிணற்று நீரின் பரிசோதனை முடிவை எம் கிணற்றுக்கும் கொள்ளலாம் என எண்ணுதல் தவறாகும். கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும் மிக அருகருகே அமைந்திருந்தும் வெப்பத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதை யாவரும் அறிவர். தோட்டக் கிணறுகளும் அவ்வாறே, ஒரு வேலிக்கு இப்புறம் ஒரு தன்மையும் அப்புறம் வேறு தன்மையும் உடையனவாக இருக்கக்கூடும்.

2. கரையோர நன்னீரின் இயல்பு

கடல்நீர் நன்னீரிலும் பார்க்கப் பாரமானது. 1,000 லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 1,000 கிலோகிராம் நிறையுடையதாயிருக்க, அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம் நிறையுடையது. இதனால், கரையோர மணலில் நன்னீரானது கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்துநிற்கின்றது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைபன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மனியரான ஹெர்ஸ்பெர்க் என்பவர் 1901ஆம் ஆண்டிலும் இவ்வுண்மையைக் கணக்கிட்டுக் காட்டினர். அதன்படி, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயர்ந்திருப்பின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கத்தையும் கமக்காரர் நினைத்தல் வேண்டும். நீண்டகாலம் மிகையாக இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்திவிடின், கீழுள்ள உவர்நீர் அதனிலும் பன்மடங்கு உயர்ந்து வர இடமுண்டு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எமது கரையோரத்தைத் தாக்கிய ஆழிப்பேரலையின் பின்னர் இது தெளிவாகப் புலப்பட்டது. கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவு செய்யும் பொருட்டு, இயந்திரங்கள் கொண்டு அவை மீண்டும் மீண்டும் இறைக்கப்பட்டன. மட்டக்களப்பு மாவட்டத்துக் கரையோரக் கிணறுகளில் பின்னர் நடாத்தப்பட்ட ஆய்வுகள், இவ்வாறு இறைத்ததனால் உப்பு எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும், பருவமழையே நிலத்தைக் கழுவி நீரைத் திருத்தியது என்பதையும் காட்டின. மாதிரி எடுப்பதற்காக இறைக்கும்போதும் இப்பாடத்தை மறத்தலாகாது. தேங்கிய நீரை அகற்றுதல் அவசியமே. ஆயினும், உவரை மேலே இழுக்கும் அளவுக்கு இறைத்தல் கேடாகும்.

3. தேங்கிய நீர் உண்மையைக் கூறாமை

இறைக்காது விடப்பட்ட கிணற்றின் மேல்நீரில் வெயிலும் காற்றும் மழையும் இலைகுழைகளும் மாற்றங்களை உண்டாக்குகின்றன. மழைக்குப் பின் மேற்பரப்பில் நிற்கும் நீர் உண்மையிலும் பார்க்க நன்னீராகத் தோன்றும். கோடையில் ஆவியாதலினால் உப்புச் செறிந்து, உண்மையிலும் பார்க்க உவராகத் தோன்றவுங் கூடும். மேல்நீர் நன்றாயிருக்க, அடிநீர் உவராயிருக்கும் கிணறுகளும் கரையோரத்தில் உள. குழாய்க்கிணற்றிலோ, குழாயினுள் நெடுநாள் நின்ற நீர் இரும்புத் துருவுடனும் நாற்றத்துடனும் வெளிவருதலை அனைவருங் கண்டிருப்பர். ஆகவே, நிலத்திலிருந்து புதிதாக ஊறிவரும் நீரே போத்தலுக்குள் செல்லுமாறு செய்தல் வேண்டும்.

4. கிணற்றை அளத்தல்

முதலாவதாக மூன்று அளவுகளை எடுத்தல் வேண்டும். அவை கிணற்றின் விட்டம், கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம்வரையுள்ள ஆழம், அதே விளிம்பிலிருந்து அடித்தளம்வரையுள்ள ஆழம் என்பனவாம். கயிற்றின் நுனியிற் சுத்தமான பாரமொன்றைக் கட்டி இறக்கி அளக்கலாம். விளிம்பில் எவ்விடத்திலிருந்து அளந்தீர்களோ அவ்விடத்தை மைப்பூச்சினால் அடையாளமிட்டு, எப்போதும் அங்கிருந்தே அளத்தல் வேண்டும். அடியாழத்திலிருந்து நீர்மட்டத்தின் ஆழத்தைக் கழிக்க வருவது நீரின் உயரமாகும்.

விட்டத்தை விட்டத்தாற் பெருக்கி, வருவதை 0.785 ஆற் பெருக்கி, அதனை நீரின் உயரத்தாற் பெருக்கினால், கிணற்றிலுள்ள நீரின் அளவு கனமீற்றரில் வரும். ஒரு கனமீற்றர் 1,000 லீற்றராகும்.

உதாரணம்: 3 மீற்றர் விட்டமுடைய வட்டக் கிணற்றில் 2 மீற்றர் உயரத்துக்கு நீர் நிற்பின், அதில் ஏறத்தாழ 14,100 லீற்றர் நீருண்டு. நிமிடத்துக்கு 200 லீற்றர் இறைக்கும் இயந்திரத்துக்கு இதனை ஒருமுறை இறைக்க ஊற்றைக் கணக்கிடாமலே 70 நிமிடங்கள் செல்லும். இதற்கு மாறாக, 10 சென்ரிமீற்றர் விட்டமுடைய குழாய்க்கிணற்றில் 12 மீற்றர் உயரத்துக்கு நீர் நின்றாலும் அது 94 லீற்றர் மாத்திரமே. நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம் இறைப்பினும், அரை மணித்தியாலத்துக்குள் மூன்று மடங்கையும் அகற்றிவிடலாம்.

5. சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்தல்

மாதிரி எடுப்பதற்குச் சில தினங்களுக்கு முன்னரே கிணற்றடியிலுள்ள எருக்குவியல், யூரியாப் பைகள், பூச்சிநாசினிப் போத்தல்கள், எண்ணெய்த் தகரங்கள் என்பவற்றை அகற்றுதல் வேண்டும். நாசினி கலக்கும் வாளியைக் கிணற்றில் விடுதல் எக்காலத்துங் கூடாது. கிணற்றினுள் மிதக்கும் இலைகளை வலையொன்றினால் அள்ளி அகற்றுக. அடிச்சேற்றை வாருதல் அவசியமாயின் அதனை முன்கூட்டியே செய்து, நீர் தெளியும்வரை கிணற்றை ஆறவிடுதல் வேண்டும். குளோரீன் இடப்பட்ட கிணறாயின், அதன் மணம் முற்றாக நீங்கி, சில தினங்கள் வழமைபோல் இறைத்த பின்னரே மாதிரி எடுத்தல் தகும்.

6. பம்பியை இறக்குதல்

எண்ணெய் படிந்த பம்பியும், நாசினி தெளிக்க உபயோகித்த குழாயும் இவ்வேலைக்கு உதவா. பம்பியையும் குழாயையும் சவர்க்கார நீராற் கழுவி, பின்னர் நன்னீரினாற் பலமுறை அலசுதல் வேண்டும். கயிற்றையும் குழாயையும் தரையில் இழுக்காது, சுத்தமான பாயின்மீது சுருட்டி வைத்திருக்க.

பம்பியின் வாய் அடிச்சேற்றைத் தொடுதல் ஆகாது. நீர்மட்டத்துக்கு அண்மையில் நிற்பதும் ஆகாது. திறந்த கிணற்றில் நீரின் நடுப்பகுதியில், அடியிலிருந்து குறைந்தது அரை மீற்றராவது உயர்ந்து நிற்கத்தக்கதாகத் தொங்கவிடுதல் பொருத்தமாகும். குழாய்க்கிணறாயின், நீர் உட்புகும் துளைக்குழாயின் நடுப்பகுதிக்கு நேராக நிற்றல் வேண்டும். குழாய்க்கிணற்றில் பம்பியை நிலையாகப் பொருத்த விரும்புவோர், முதலில் அப்பம்பியின் பருமனும் நீளமும் உடைய குழாய்த்துண்டு ஒன்றைக் கயிற்றிற் கட்டி மெல்ல இறக்கிப் பார்த்தல் நன்று. கிணற்றுக்குழாய் வளைந்தோ நசுங்கியோ இருப்பின் அத்துண்டு தடைப்படும். குறைந்த விலையுள்ள அத்துண்டு சிக்குதல், விலையுயர்ந்த பம்பி சிக்குதலிலும் மேலானதன்றோ? பம்பியை உறுதியான கயிற்றினாலேயே தாங்கவேண்டும். மின்கம்பியிற் பிடித்து இறக்குதலோ தூக்குதலோ கூடாது. சேறு கலங்காதிருக்க மெதுவாக இறக்கி, சற்று நேரம் ஆறவிட்டு இயக்குக.

எச்சரிக்கை: பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் ஒருபோதுங் கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் விஷவாயு நிறமும் மணமும் அற்றது. சில நிமிடங்களில் உயிரைப் போக்கவல்லது. விளக்கு அணையாது எரிகின்றதாகையால் அபாயமில்லை என எண்ணலாகாது. இவ்வாயு விளக்கை அணைப்பதில்லை. நெடுநாள் மூடியிருந்த கிணற்றினுள் புகை இல்லாதபோதும் மூச்சுக்குரிய வாயு குறைந்திருக்கலாம். கிணற்றினுள் ஒருவர் மயங்கி வீழ்ந்தால், அவரை மீட்க எண்ணி மற்றொருவர் உடனே இறங்குதல் இரண்டாவது உயிரையும் இழக்கச் செய்யும். மின்சாரப் பம்பியாயின், இணைப்பைத் துண்டித்த பின்னரே நீரையும் பம்பியையும் தொடுதல் வேண்டும்.

7. எவ்வளவு இறைத்தல் வேண்டும்?

குழாய்க்கிணறு: அதில் நிற்கும் நீரின் அளவைப் போல மூன்று மடங்கை இறைத்து அகற்றுதல் பொது வழக்கமாகும்.

நாள்தோறும் இறைக்கப்படும் தோட்டக் கிணறு: இதன் நீர் அடிக்கடி புதுப்பிக்கப்படுவதால் மும்மடங்கு விதி இதற்கு வேண்டியதில்லை. வழமையான இறைப்பின் நடுவிலே, தொட்டிக்கோ வாய்க்காலுக்கோ செல்லுமுன், குழாய்வாயிலேயே மாதிரியை எடுக்கலாம்.

இறைக்காது கிடந்த கரையோரக் கிணறு: இதனையே மிக்க அவதானத்துடன் கையாளல் வேண்டும். மேலே கண்ட உதாரணக் கிணற்றில் மும்மடங்கு என்பது 42,000 லீற்றருக்கு மேலாகும். அதனை ஒரே நாளில் இறைத்தல் எரிபொருளை வீணாக்குவதோடு, உவரையும் மேலே அழைப்பதாகும். இரண்டு மூன்று தினங்களுக்குச் சிறிது சிறிதாக இறைத்து, ஒருமடங்கு அளவான நீரை அகற்றினாற் போதுமானது. கிணற்றை வற்ற இறைத்தல் கூடாது. இறைத்த நீர் மீண்டும் கிணற்றுக்குள் ஊறாதவாறு தூரத்தே செலுத்துதல் வேண்டும்.

புதிய நீர் வந்துவிட்டதென்பதை அறிவது எவ்வாறு? நீரிற் கரைந்துள்ள உப்பின் அளவுக்கேற்ப அது மின்சாரத்தைக் கடத்தும். இதனை மின்கடத்துதிறன் என்பர். கையடக்கமான மின்கடத்துமானியைக் கொண்டு ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து குறித்தல் வேண்டும். அடுத்தடுத்த மூன்று அளவுகள் நூற்றுக்கு 3 வீதத்துக்குமேல் வேறுபடாதிருப்பின், நிலத்தடி நீர் வருகின்றதெனக் கொள்ளலாம். கருவி கிடையாதவிடத்து, இறைப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலுமாக மூன்று போத்தல்களில் நீரெடுத்து, மூன்றையும் தனித்தனியே பரிசோதிப்பித்தல் தகும்.

இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அளவு முதலில் மாறிப் பின்னர் ஒருநிலைப்பட்டால், தேங்கிய நீர் அகன்றது என்பது பொருள். இறைக்க இறைக்க அளவு ஏறிக்கொண்டே சென்றால், உவர்நீர் மேலெழுகின்றது என்பது பொருள். அப்போது ஒருநிலைப்படட்டும் எனத் தொடர்ந்து இறைக்காது உடனே நிறுத்துதல் வேண்டும். அந்த ஏற்றமே அக்கிணறு கூறும் செய்தியாகும். அத்தகைய கிணற்றை ஆழமாக வெட்டினாலும், பெரிய இயந்திரம் பூட்டினாலும் உவரே மிகும். சிறிய இயந்திரங்கொண்டு, சிறிது நேரம் இறைத்து, ஊறவிட்டு மீண்டும் இறைப்பதே அதனைக் காக்கும் வழியாகும்.

8. போத்தலில் எடுத்தல்

ஆய்வுகூடம் தரும் போத்தலே சிறந்தது. பொதுவான உப்புப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலும் ஏற்றதாகும். எடுக்கும் நீரினாலேயே போத்தலையும் மூடியையும் மும்முறை அலசி, காற்று இடம்பெறாது வாய்வரை நிரப்பி மூடுக. கிருமிப் பரிசோதனைக்குரிய போத்தலை மாத்திரம் அலசுதலும், அதன் உட்புறத்தைத் தொடுதலும் ஆகாது. அதனை முற்றாக நிரப்பாது சிறிது இடம் விடுதல் வேண்டும். திகதி, நேரம், கிராமம், கிணற்றின் வகை, நீர்மட்டத்தின் ஆழம், இறைத்த நேரம், கடைசியாக எருவிட்ட நாள் என்பவற்றை எழுதி ஒட்டுக. போத்தலைப் பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்து, இயன்றால் அன்றே ஒப்படைத்தல் நன்று.

மின்கடத்துதிறன், குளோரைட்டு, சோடியம், இருகாபனேற்று, நைத்திரேற்று ஆகியவற்றைப் பரிசோதிக்குமாறு கேட்டல் வேண்டும். மாதிரியை எங்கு ஒப்படைப்பது என்பதைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டறியலாம்.

9. முடிவை விளங்கிக்கொள்ளல்

மின்கடத்துதிறன் மீற்றருக்கு டெசிசீமன் என்னும் அலகிற் கூறப்படும். சென்ரிமீற்றருக்கு மைக்கிரோசீமன் என எழுதப்பட்டிருப்பின், அதனை 1,000 ஆற் பிரித்துக்கொள்க. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம் வகுத்த வரையறையின்படி, 0.7க்குக் குறைந்த நீரை உப்பைப் பொறுத்தவரையில் தடையின்றிப் பாய்ச்சலாம். 0.7 முதல் 3.0 வரையுள்ள நீரைப் பயிரறிந்து பாய்ச்சுதல் வேண்டும். 3.0க்கு மேற்பட்ட நீர் பெரும்பாலான பயிர்களுக்கு உகந்ததன்று. கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50 ஆகும்.

விளைச்சல் குறையாதிருக்கத் தக்க உயர்ந்த அளவு, அத்தாபனத்தின் அட்டவணைப்படி போஞ்சிக்கு 0.7, வெங்காயத்துக்கு 0.8, மிளகாய் இனத்துக்கு 1.0, தக்காளிக்கு 1.7, நெல்லுக்கு 2.0, நிலக்கடலைக்கு 2.1 ஆகும். 2.9 அளவான நீரை இடைவிடாது பாய்ச்சின், வெங்காய விளைச்சல் பாதியாகக் குறையும். அதே நீரில் தக்காளியின் இழப்பு அதனிலும் குறைவு. எனவே, 1.5 அளவு காட்டும் கிணற்றையுடைய கமக்காரர், விதை வெங்காயத்துக்குப் பணஞ் செலவிடுமுன் தக்காளி பயிரிடுதலைப் பற்றி எண்ணிப் பார்ப்பது இலாபகரமாகும். ஒரு போத்தல் நீர் ஒரு போகத்தின் முதலைக் காப்பது இவ்வாறேயாகும்.

நைத்திரேற்றின் அளவையும் அசட்டை செய்தலாகாது. நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் கொண்ட யூரியாவை மணல்நிலத்தில் மிகையாக இட்டால், பயிர் எடுத்தது போக எஞ்சியது கிணற்றைச் சென்றடையும். தோட்டக் கிணற்று நீரையே வீட்டாரும் குடிப்பதுண்டு. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையாகும். மிகுந்தால், புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கமாட்டாது, உடல் நீலம்பாரித்து உயிருக்கே அபாயம் நேரலாம். கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற அது செறிவடையும். அத்தகைய வீட்டில் குழந்தைக்கு வேறிடத்து நல்ல நீரையே உபயோகித்தல் வேண்டும்.

10. எக்காலத்தில் எடுத்தல் வேண்டும்?

மாரி மழை ஓய்ந்தபின் பெப்ரவரியில் ஒருமுறையும், கோடையின் முடிவில், அடுத்த மழைக்கு முன் செப்டெம்பரில் ஒருமுறையுமாக ஆண்டுக்கு இருமுறை எடுத்தல் சிறந்தது. முதலாவது, மழை கிணற்றுக்கு எதனைத் தந்தது என்பதையும், இரண்டாவது, இறைப்பு அதிலிருந்து எதனை எடுத்தது என்பதையும் காட்டும். ஒருமுறை மாத்திரமே இயலுமாயின், செப்டெம்பரில் எடுத்தல் நன்று. ஏனெனில், கிணற்றின் மிக இழிந்த நிலையை அறிந்தவர் ஏமாற்றமடையார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஒரே முறையாக எடுத்தாலன்றி ஆண்டுக்காண்டு ஒப்பிடுதல் இயலாது. அளவுகளை ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் வேண்டும்.

சுருக்கம்

கிணற்றை அளந்து நீரின் அளவைக் கணக்கிடுக. கிணற்றடியைத் துப்புரவு செய்க. கழுவிய பம்பியைச் சேறு கலங்காது இறக்குக. இயந்திரத்தைக் கிணற்றினுள் இயக்காதிருக்க. தேங்கிய நீரை அகற்றுக. கிணற்றை வற்ற இறைக்காதிருக்க. அளவு ஒருநிலைப்பட்டபின் மாதிரி எடுக்க. ஏறிக்கொண்டே சென்றால் இறைப்பை நிறுத்துக. முடிவைக் கண்டபின் பயிரைத் தெரிவுசெய்க.

கடலை அண்டிய எமது மாவட்டத்தில் நன்னீர் என்பது மழை தந்து மணல் காத்துவைத்துள்ள முதலாகும். அம்முதலின் அளவையும் தன்மையையும் அறிந்து செலவிடும் கமக்காரரின் கிணறு, அவர்தம் பிள்ளைகளுக்கும் பயன்படும்.